கிளட்ச்சில் ஏர் எடுத்தும் பெடல் தளர்வு: வெளியே இழுத்த பிளீடர் லைன் வைத்த கார் (தர்மபுரி)

நல்லம்பள்ளி டீசல்:

வணக்கம் நண்பர்களே. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இந்த ஒரு வேலையிலேயே போய்விட்டன. உங்களில் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் வழி சொல்லுங்கள்.

என்னுடையது 14 வருடப் பழைய டீசல் செடான். பெடலை மிதித்ததும் கிளட்ச்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இல்லை. கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்குக்குள், இன்புட் ஷாஃப்டைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருக்கும் வகை. பட்டறையில் சி.எஸ்.சி. என்பார்கள். அது கசிந்தால் கியர்பாக்ஸை இறக்காமல் எதுவும் செய்ய முடியாது. இரண்டு வருடத்தில் இரண்டு தடவை இறக்கியாகிவிட்டது. இந்தத் தடவை மரை போட்ட இரண்டு வாய் உள்ள வேறு வகை சி.எஸ்.சி. வாங்கி, இரண்டு ஹோஸையும் பெல் ஹவுசிங்குக்கு வெளியே கொண்டுவந்தேன். ஒன்று, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குப் போகிறது. இன்னொன்று பேட்டரி தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிராக்கெட்டில், ஏரை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் நிப்பிளோடு நிற்கிறது. பானெட்டைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் நிப்பிள். இனி ஏர் எடுக்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவும் செய்தேன்.

கியர்பாக்ஸை ஏற்றி, டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, என் மனைவி பெடலை மிதிக்க நான் நிப்பிளைத் திறந்து மூடி ஏர் எடுத்தோம். ஒரு லிட்டர் ஆயில் போய்விட்டது. கடைசியில் நிப்பிளில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் பெடலின் மேல் பாதி வெறுமையாகப் போகிறது. தரையிலிருந்து ஒன்றரை செ.மீ. உயரத்தில்தான் பிடிக்கிறது. இன்ஜின் ஓடாதபோது எல்லா கியரும் விழும். ஓடும்போது ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று கத்துகிறது. வேகமாக நான்கு தடவை மிதித்தால் பெடல் கொஞ்சம் மேலே வரும், ஒரு நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும்.

சேலம் போக வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும் நேரத்தில் கியர் விழாமல் போனால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பெடலை நம்பி நான் அங்கே போகமாட்டேன். மறுபடியும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

பாலக்கோடு பட்டறை:

தம்பி, அவசரப்பட்டு இறக்காதீங்க. நீங்களே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டீர்கள். நான்கு மிதி மிதித்தால் பெடல் மேலே வருகிறது என்றால் உள்ளே ஏர் இருக்கிறது. வேறு கோளாறாக இருந்தால் குணம் வேறு மாதிரி இருக்கும்.

ஆனாலும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வேகமாக மிதித்து மேலே கொண்டுவந்த பெடலை, காலை எடுக்காமல் ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடியுங்கள். பிடித்திருக்கும்போதே கால் மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் போய்விட்டது, ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்புகிறது. கால் ஸ்பஞ்சை மிதிப்பதுபோல அசைந்தாலும் ஒரே இடத்தில் நின்றால் ஏர்தான்.

அடுத்து, ஏர் எடுக்கும்போது யார் என்ன சொல்லிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். சின்ன விஷயம்போலத் தெரியும். எங்கள் பட்டறையில் பாதி ஏர் இந்த இடத்தில்தான் திரும்ப உள்ளே போகும். வெளியே இருப்பவன் "மிதி" என்பான். உள்ளே இருப்பவன் தரைவரை மிதித்துவிட்டு "பிடிச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் நிப்பிளைத் திறக்கணும். ஆயில் ஓடி நின்றதும் மூடிவிட்டு வெளியே இருப்பவன் "மூடிட்டேன்" என்பான். அதைக் கேட்காமல் உள்ளே இருப்பவன் காலை எடுக்கவே கூடாது. "விடு" என்று ஒரே வார்த்தை சொல்லிப் பழகினால் ஆயிலை விடச் சொன்னானா, காலை விடச் சொன்னானா என்று குழப்பம் வரும். நிப்பிள் திறந்திருக்கும்போது கால் மேலே வந்துவிட்டால், வெளியே போன குமிழி அப்படியே உள்ளே இழுபடும்.

கிருஷ்ணகிரி ஹோஸ்:

நான் கிரானைட் குவாரி மெஷின்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் வேலையில் 11 வருடமாக இருக்கிறேன். அண்ணா, அந்த இரண்டு ஹோஸும் எங்கே செய்தது, உள்ளே என்ன பொருள் என்று முதலில் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், எங்களைப் போன்ற கடைகளில் மேலே தொங்கும் ஹோஸில் பெரும்பாலானவை ஜே.சி.பி., கம்பிரஸர், டிப்பர் வண்டிகளுக்கு உரியவை. உள்ளே நைட்ரைல் ரப்பர். ஹைட்ராலிக் ஆயில் என்ற மினரல் ஆயிலுக்கு அது அருமையான பொருள். பிரேக் ஆயில் வேறு ஜாதி, கிளைக்கால் வகை. நைட்ரைல் அதில் ஊறி உப்பும், மெதுமெதுவாகும், பிறகு கறுப்பாகக் கரைந்து ஆயிலோடு வரும். கார்க்காரர்கள் வந்து "அழுத்தம் தாங்குமா" என்று மட்டும் கேட்கிறார்கள். தாங்கும்தான், பல மடங்கு தாங்கும். ஆனால் எந்த ஆயில் ஓடப்போகிறது என்று யாரும் சொல்வதில்லை. கடைக்காரரும் கேட்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள். உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே ஸ்டீல் பின்னல் இருக்கும் ஹோஸ்தான் இதற்குச் சரி.

இன்னொன்று. பிளீடருக்குப் போகும் ஹோஸ் ஏர் எடுக்கும்போது மட்டும் வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நிப்பிள் அந்த ஹோஸின் கடைசியில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு தடவை பெடலை மிதிக்கும்போதும் முழு அழுத்தமும் அந்த ஹோஸுக்குள்ளேயும் நிற்கும். அது கொஞ்சம் உப்பினாலும் அவ்வளவு பெடலும் வீண்.

நல்லம்பள்ளி டீசல்:

இரண்டு பேருக்கும் நன்றி. இன்று மாலை பார்த்தேன்.

ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்ததில் பெடல் இறங்கவில்லை. அதே இடத்தில் ஸ்பஞ்சுபோல நிற்கிறது.

ஹோஸ் ஒசூரில் செய்தது. டெஃப்லான் உள்குழாய், ஸ்டீல் பின்னல், உள்விட்டம் 3.2 மி.மீ. இரண்டும் 60 செ.மீ., இரண்டிலும் ஒரே அளவு நட். ஒன்று பழுதானால் மற்றதை மாற்றிப் போடலாம் என்று கடைக்காரர் சொன்னதால் அப்படி வாங்கினேன்.

பிளீடர் ஹோஸ் போகும் பாதையில் ஒரு குறை இருக்கிறது. பெல் ஹவுசிங்கிலிருந்து கிளம்பி கியர்பாக்ஸ் மவுண்டிங்குக்கு மேலே ஏறி, மறுபக்கம் ஒரு கையளவு இறங்கி, பிறகு பிராக்கெட்டுக்கு ஏறுகிறது. ஒட்டக முதுகு மாதிரி ஒரு மேடு.

மிதிக்கும் விஷயத்தில் நாங்கள் "ம்" "சரி" என்றுதான் சொல்லிக்கொண்டோம். மேலும், புது சி.எஸ்.சி.யின் சீல் அளவுக்கு மேல் வெளியே வந்துவிடக் கூடாது என்று பெடலுக்கு அடியில் கட்டை வைத்துப் பாதிவரை மட்டுமே மிதிக்கச் சொன்னேன். ஒரு ராத்திரி முழுவதும் நிப்பிளைத் திறந்து வைத்துச் சொட்டச் சொட்ட விட்டும் பார்த்தேன். ஏர் தானாக மேலே ஏறிவிடும் என்று நினைத்தேன்.

அரூர் இயற்பியல்:

நான் மெக்கானிக் இல்லை. பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், என் காரின் சின்ன வேலைகளை நானே செய்துகொள்வேன். உங்கள் பதிவில் இருக்கும் எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டேன்.

3.2 மி.மீ. உள்விட்டம் என்றால் குறுக்குப் பரப்பு 0.08 சதுர செ.மீ. 60 செ.மீ. நீளத்துக்குள் நிற்கும் ஆயில் 4.8 மி.லி. உங்கள் மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 15.87 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன், அதாவது 5/8 அங்குலம். கார்களில் நிறையப் பயன்படும் அளவு. பிஸ்டன் 30 மி.மீ. நகர்ந்தால் ஒரு முழு மிதிக்கு 5.9 மி.லி. தள்ளும். பாதி மிதிக்கு சுமார் 3 மி.லி.

இப்போது பாருங்கள். சி.எஸ்.சி.யிலிருந்து கிளம்பும் ஒரு குமிழி நிப்பிளைத் தாண்ட 4.8 மி.லி. ஆயில் அதைத் தள்ள வேண்டும். கட்டை வைத்த பெடல் 3 மி.லி.தான் தள்ளுகிறது. குமிழி நடுவழியில் நிற்கும். அந்த நேரத்தில் நிப்பிளை மூடுவதற்குள் கால் கொஞ்சம் மேலே வந்தால் குமிழி வந்த வழியே பின்னால் போகும். அடுத்த மிதியில் மறுபடியும் முன்னே. நீங்கள் ஒரு லிட்டர் செலவழித்தும் அது ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருந்திருக்கலாம். நிப்பிள் சிலிண்டரிலேயே இருக்கும் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை, குமிழி போக வேண்டிய தூரமே கிடையாது.

ஏர் தானாக மேலே ஏறும் என்ற எண்ணம் அகலமான பாத்திரத்துக்குத்தான் பொருந்தும். குமிழி மேலே போக வேண்டுமென்றால் அதைச் சுற்றி திரவம் கீழே இறங்க இடம் வேண்டும். 3 மி.மீ. குழாயை அடைத்துக்கொண்டு நிற்கும் குமிழிக்குச் சுற்றிலும் அந்த இடம் கிடைப்பதில்லை, அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். குளுக்கோஸ் ஏற்றும் டியூபில் பார்த்திருப்பீர்கள், நேராகத் தொங்கினாலும் குமிழி அசையாது. நர்ஸ் விரலால் தட்டித் தட்டி நகர்த்துவார்கள். நேற்று அதே மாதிரி டியூபில் பிரேக் ஆயில் ஊற்றி, நடுவில் ஒரு குமிழி விட்டு, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். காலையில் வந்து பார்த்தபோதும் அதே இடத்தில் நின்றது.

எவ்வளவு ஏர் இருந்தால் இவ்வளவு தொல்லை என்றும் பார்த்தேன். மிதிக்கும்போது லைனில் 20 பார் அழுத்தம் என்று வைத்தால், 1 மி.லி. ஏர் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது கிட்டத்தட்ட 0.95 மி.லி. ஆயில் அந்த ஏரைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. சி.எஸ்.சி.யின் வளையப் பரப்பு 7 சதுர செ.மீ. என்றால் கிளட்ச்சைத் தள்ளும் பேரிங் 1.4 மி.மீ. குறைவாக நகரும். முழு நகர்வே எட்டு சொச்சம் மி.மீ.தான். ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு ஏருக்கே இந்த நிலைமை. உங்கள் பெடலின் பாதி வெறுமையாகப் போகிறது என்றால் உள்ளே இருப்பது அதைவிட நிறைய.

ஒசூர் இரண்டாம் ஷிப்ட்:

டீச்சர் கணக்கு அருமை. நான் கார் பாகங்கள் அசெம்பிளி செய்யும் லைனில் இருந்தவன். கார் தொழிற்சாலையில் யாரும் பெடலை மிதித்து ஏர் எடுப்பதில்லை. முதலில் முழு லைனையும் வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சி வெறுமையாக்கி, அது பிடித்து நிற்கிறதா என்று பார்த்து, பிறகு ஆயிலை அழுத்தி நிரப்புவார்கள். ஏர் இருந்தால்தானே எடுக்க வேண்டும். வீட்டில் அது முடியாது.

வீட்டில் செய்ய நான் சொல்வது கீழிருந்து மேலே நிரப்புவது. மருந்துக் கடையில் 50 அல்லது 60 மி.லி. சிரிஞ்ச் கிடைக்கும். நிப்பிளில் இறுக்கமாக மாட்டும் ஒளி ஊடுருவும் டியூப் ஒரு முழம். மாஸ்டருக்கு ஆயில் தரும் டப்பாவிலிருந்து பழைய ஆயிலை முக்கால்வாசி உறிஞ்சிவிடுங்கள், இல்லாவிட்டால் வழியும். சிரிஞ்சில் புது ஆயில் எடுத்து, டியூபிலும் ஏர் இல்லாமல் தள்ளிவிட்டு, நிப்பிளில் மாட்டி, அரைச் சுற்று திறந்து மெல்ல மெல்லத் தள்ளுங்கள். இன்னொருவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். குமிழி டப்பாவுக்குள் வந்து உடையும்.

பெடலில் யாரும் கால் வைக்கக் கூடாது, முழுசாக மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் மாஸ்டருக்குள் டப்பாவுக்குப் போகும் சின்னத் துளை திறந்திருக்கும். பெடலிலிருந்து வரும் புஷ்ராடு கொஞ்சம் நீளமாகச் செட் ஆகியிருந்தால் அந்தத் துளை எப்போதும் மூடியே நிற்கும். அப்படி இருந்தால் சிரிஞ்ச் நகராது. அது வேறு ஆபத்தும்கூட. ஆயில் சூடாகி விரியும்போது டப்பாவுக்குத் திரும்ப வழி இல்லாமல் கிளட்ச்சைத் தானாக அழுத்த ஆரம்பிக்கும்.

கையால் உறிஞ்சும் வேக்குவம் பம்ப் வாங்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். நான் வாங்கி ஏமாந்தேன். திறந்த நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. எத்தனை நேரம் அடித்தாலும் குமிழி வந்துகொண்டே இருக்கும், எது உள்ளே இருந்து வருகிறது என்று தெரியாது.

பாலக்கோடு பட்டறை:

சிரிஞ்ச் வழியை நான் எல்லா வண்டிக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன். பழைய வண்டியில் ஸ்லேவின் அடியில் சேறு மாதிரி கறுப்பு படிந்திருக்கும், வாஷர் தேய்ந்த தூள். கீழிருந்து தள்ளினால் அது அத்தனையும் மாஸ்டருக்குள் ஏறி அந்தச் சின்னத் துளையை அடைக்கும். நிறைய கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா. அந்த அழுக்கு பிரேக் ஆயிலிலும் கலந்துவிடும். அதனால் பழைய வண்டிக்கு முதலில் வழக்கமான முறையில் மேலிருந்து கீழே தெளிவாக வரும்வரை ஓட்டி, பிறகுதான் சிரிஞ்ச்.

தம்பி வண்டியில் சி.எஸ்.சி. புதுசு, ஹோஸ் புதுசு, ஒரு லிட்டர் ஏற்கெனவே ஓடிவிட்டது. இதில் செய்யலாம். ஃபெண்டர் மேலே ஈரத்துணி போடுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் துடைக்காதீங்க, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்க. துடைத்தால் பெயின்ட் தேய்ந்து வரும்.

அந்த ஒட்டக முதுகையும் முதலில் எடுத்துவிடுங்கள். சி.எஸ்.சி.யிலிருந்து நிப்பிள்வரை ஏறிக்கொண்டே போக வேண்டும்.

காவேரிப்பட்டணம் ராத்திரி ஓட்டம்:

நடுவில் ஒரு சந்தேகம். என் வண்டியின் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 என்று இருக்கிறது. டாட் 4 ஊற்றலாமா? டாட் 5 இன்னும் நல்லதா?

ஒசூர் இரண்டாம் ஷிப்ட்:

டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 3 இருக்கும் இடத்தில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் சிலிக்கான், அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயரில் ஒரு புள்ளி ஒன்றுதான் வித்தியாசம், கடையில் பார்த்து வாங்குங்கள்.

கொதிநிலை புதுசாக இருக்கும்போது டாட் 3-க்கு குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சிய பிறகு அது 140, 155 என்று இறங்கிவிடும். அதனால் போன வருடம் திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருப்பதை ஊற்றாதீர்கள். சின்ன பாட்டிலாக வாங்கி, திறந்த அன்றே தீர்த்துவிடுவது நல்லது.

நல்லம்பள்ளி டீசல்:

பெடல் வந்துவிட்டது!

காலையில் மேட்டை எடுத்தேன். கியர்பாக்ஸ் மவுண்டிங்குக்கு மேலே போகாமல் பக்கவாட்டில் திருப்பி, பிராக்கெட்டை 7 செ.மீ. உயர்த்தினேன். பெடலுக்கு அடியிலிருந்த கட்டையை எடுத்தேன். வழக்கமான முறையில் பத்து முழு மிதி, "பிடிச்சிருக்கேன்", "மூடிட்டேன்" என்று சொல்லிச் சொல்லிச் செய்தோம். ஹோஸிலிருந்து நான்கைந்து குமிழிகள் வந்தன. பெடல் கொஞ்சம்தான் தேறியது, தரையிலிருந்து இரண்டரை செ.மீ.

பிறகு சிரிஞ்ச். மனைவி டார்ச் அடித்து டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சிரிஞ்சில் ஒன்றுமில்லை. இரண்டாவது சிரிஞ்ச் பாதி போனபோது "ஐயோ, எவ்வளவு வருது பாருங்க" என்று கத்தினார். சோடா பாட்டில் திறந்ததுபோலக் குமிழி. நிற்க ஒரு நிமிடம் ஆனது. மூன்றாவது சிரிஞ்சில் வெறும் ஆயில் மட்டும். நிப்பிளை மூடிவிட்டுப் பெடலை மிதித்தால் தரையிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் கல்லுபோலப் பிடிக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லை.

எல்லோருக்கும் மனதார நன்றி.

அரூர் இயற்பியல்:

ரொம்ப சந்தோஷம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. மேட்டை எடுத்து, முழு மிதி மிதித்து, ஹோஸில் இருந்த குமிழியெல்லாம் வெளியே வந்த பிறகும் பெடல் தேறவில்லை. அப்படியென்றால் பெரிய ஏர் ஹோஸில் இல்லை, சி.எஸ்.சி.யின் வளையத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. மேலிருந்து தள்ளும்போது அசையாத ஏர், கீழிருந்து தள்ளியதும் மொத்தமாக மாஸ்டர் பக்கம் வந்திருக்கிறது. ஏன்?

உங்கள் சி.எஸ்.சி.யில் இரண்டு வாய் என்றீர்கள். கியர்பாக்ஸில் மாட்டிய நிலையில் அந்த இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? இல்லையென்றால் எது மேலே? அதில் எந்த ஹோஸ் மாட்டியிருக்கிறது?

பாலக்கோடு பட்டறை:

டீச்சர் கேட்டது சரியான கேள்வி. எனக்கு இது தோன்றவில்லை. தம்பி, மாட்டும்போது போட்டோ எடுத்தீங்களா?

நல்லம்பள்ளி டீசல்:

எடுத்திருக்கிறேன். இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது.

கியர்பாக்ஸை மூடும் முன் பிளீடர் ஹோஸ் எது என்று தெரிய சிவப்பு டேப் சுற்றியிருந்தேன். போட்டோவில் சிவப்பு டேப் கீழ் வாயில் இருக்கிறது. மேல் வாய்க்கு மாஸ்டரிலிருந்து வரும் ஹோஸ் போகிறது. மூலையில் கியர்பாக்ஸைத் தரையில் நிமிர்த்தி வைத்து வேலை செய்தேன். அப்படி நிற்கும்போது இரண்டு வாயும் ஒரே மட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. வண்டியில் ஏற்றி அது படுத்த பிறகுதான் ஒன்று மேலே, ஒன்று கீழே ஆகிறது. இந்த வித்தியாசத்தை அப்போது நினைக்கவே இல்லை.

அரூர் இயற்பியல்:

அப்போது விஷயம் தெளிவு. ஆயில் மேல் வாய் வழியாக வந்து கீழ் வாய் வழியாக வெளியேறியது. வளையத்தின் உச்சியில் தேங்கிய ஏருக்குக் கீழ் வாய்க்கு இறங்கிவர எந்தக் காரணமும் இல்லை. அதனால்தான் நிப்பிளில் சுத்தமான ஆயில் வந்தது, உள்ளே ஏர் அப்படியே இருந்தது. சிரிஞ்ச் வைத்தபோது ஆயில் கீழ் வாய் வழியாக ஏறி, ஏரை மேல் வாய் வழியாக மாஸ்டருக்கு அனுப்பியது. குடத்தைக் கவிழ்த்து நீரில் அமுக்கினால் காற்று உள்ளேயே நிற்பதும், சாய்த்தால் புஸ்ஸென்று வருவதும் இதே கதைதான்.

நல்லம்பள்ளி டீசல்:

இப்போது பெடல் நன்றாக இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா, இல்லை வாயை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா?

பாலக்கோடு பட்டறை:

இறக்க வேண்டியதில்லை, அப்படியே விடவும் வேண்டாம். உங்களுக்கு ஒசூர் கடைக்காரர் பெரிய உதவி செய்திருக்கிறார். இரண்டு ஹோஸும் ஒரே நீளம், ஒரே நட். வெளியே இருக்கும் முனைகளை மட்டும் மாற்றிப் போடுங்கள். மாஸ்டரிலிருந்து வரும் பைப்பை சிவப்பு டேப் ஹோஸில் மாட்டுங்கள். பிளீடர் நிப்பிளை மற்ற ஹோஸுக்குக் கொண்டுபோங்கள். அப்போது ஆயில் கீழ் வாயில் நுழையும், பிளீடர் மேல் வாயிலிருந்து கிளம்பும். அரை மணி நேர வேலை. முனையைக் கழற்றியதும் விரலால் மூடாமல் ரப்பர் மூடி போடுங்கள், தூசி போகக் கூடாது. சிவப்பு டேப்பைப் பிய்த்துவிட்டு மற்றதில் புதிதாகச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் மூன்று வருடம் கழித்து இந்த வண்டியைத் திறக்கும் மெக்கானிக் தலையைப் பிய்த்துக்கொள்வான்.

இப்படி மாற்றிவிட்டால் இனி எப்போதும் சாதாரண முறையில் மிதித்தே ஏர் எடுக்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் சிரிஞ்ச் தேட வேண்டும். இரண்டு வருடம் கழித்து ஆயில் மாற்றும்போது அழுக்கை மேலே தள்ளவும் வேண்டிவரும். அதுதான் எனக்குப் பிடிக்காதது.

கிருஷ்ணகிரி ஹோஸ்:

மாற்றும்போது பாதையையும் பார்த்துவிடுங்கள் அண்ணா. இப்போது பிளீடர் ஆகப்போகும் ஹோஸ் சைலன்ஸர் பைப்புக்குப் பக்கத்தில் போகிறதா? இந்த ஹோஸில் ஆயில் ஓடுவதில்லை, நிப்பிளை மூடிய பிறகு அதே ஆயில் அதே இடத்தில் நின்று வேகும். டர்போவிலிருந்து இறங்கும் பைப்புக்குப் பக்கத்தில் இருந்தால் கொதித்து ஆவியாகி, ஏர் இருப்பதுபோலவே பெடல் இறங்கும். ஆறிய பிறகு சரியாகிவிடும், யாரும் கண்டுபிடிக்க முடியாது. முடிந்தவரை தள்ளிக் கொண்டுபோய், பத்தாவிட்டால் தீ தாங்கும் கண்ணாடி நார் உறை போடுங்கள்.

ஸ்டீல் பின்னல் எதன் மேல் உரசினாலும் அதை அறுக்கும், வயரிங் ஆனாலும் அலுமினியப் பைப் ஆனாலும். ஒவ்வொரு ஜாணுக்கும் ரப்பர் வைத்த கிளிப். இன்ஜின் ஆடும் அளவுக்கு ஒரு தளர்வு மட்டும் விடுங்கள்.

காவேரிப்பட்டணம் ராத்திரி ஓட்டம்:

இவ்வளவு கஷ்டம் இருக்கும்போது இந்த வெளி லைன் தேவைதானா? கம்பெனி கொடுத்த மாதிரியே விட்டிருக்கலாமே?

பாலக்கோடு பட்டறை:

நிப்பிள் கைக்கு எட்டும் வண்டியில் தேவையே இல்லை. ஸ்லேவ் வெளியே இருந்து ஃபோர்க்கைத் தள்ளும் வண்டிகளில் இதைச் செய்வது வீண் செலவு, கசிய இன்னும் இரண்டு இடம் கூடும். கேபிள் கிளட்ச் வண்டிக்கு இந்தப் பேச்சே இல்லை.

நிப்பிள் ஒளிந்திருக்கும் வண்டிக்கு இது நல்ல காரியம். அமெரிக்காவில் கமாரோ கார் வைத்திருப்பவர்கள் நிப்பிளுக்குக் கை போகாத காரணத்தால் இந்த லைனைப் பல காலமாகப் போட்டு வருகிறார்கள். எட்டாத நிப்பிளில் யாரும் ஆயில் மாற்றமாட்டார்கள். மாற்றாத ஆயில் ஈரம் ஏறிக் கறுக்கும், சிலிண்டரை அரிக்கும், சீல் போகும், கடைசியில் கியர்பாக்ஸ் இறங்கும். ஏர் எடுக்க வசதி என்பதைவிட, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை சோம்பல் இல்லாமல் ஆயில் மாற்றலாம் என்பதற்காகவே நான் இதை ஆதரிப்பேன்.

நல்லம்பள்ளி டீசல்:

முனைகளை மாற்றிவிட்டேன். பைப் முனையில் நுழைந்த கொஞ்ச ஏரை எடுக்கப் பன்னிரண்டு முழு மிதி போதுமானதாக இருந்தது. சிரிஞ்ச் தேவைப்படவில்லை. பிடிக்கும் இடம் அதே 6 செ.மீ. பிராக்கெட்டில் "மேல் வாய்" என்று வெள்ளை பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சைலன்ஸர் பைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் போகிறது, இருந்தும் உறை போட்டேன்.

ஞாயிறு விடியற்காலை சேலம் போய் வந்தேன். தொப்பூர் இறக்கம் முழுவதும் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால். நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. ஒவ்வொரு தடவையும் கியர் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. திரும்பி வரும்போது ஏற்றத்தில் நின்று நின்று நகர்ந்ததில் இன்ஜின் நன்றாகச் சூடாகியும் பெடல் மாறவில்லை.

பாலக்கோடு பட்டறை:

நல்லது தம்பி. 500 கி.மீ. ஆனதும் டப்பாவில் கோடு இறங்கியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். பெல் ஹவுசிங்குக்கு அடியில் ஒரு விரல் விட்டுத் தடவி, ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நல்லம்பள்ளி டீசல்:

520 கி.மீ. ஆகிவிட்டது அண்ணா. கோடு இறங்கவில்லை. அடியில் விரல் காய்ந்தபடியே வந்தது.